வறுமையும் நாணமும்: மாணாக்கர்க்குத் துணைபுரியும் நெறி

வறுமை விளைக்கும் துன்பங்களுள் பசியும் பிணியும் உறையுளின்மையும் கண்ணுக்குப் புலனாவன. அவற்றைத் தீர்க்க முயல்வோர் எக்காலத்தும் இருந்துவருகின்றனர். கண்ணுக்குப் புலனாகாது உள்ளத்தை அரிக்கும் துன்பம் ஒன்றும் வறுமையோடு உடன்வருவதுண்டு. தன் இல்லாமையைப் பிறர் அறிந்துவிடுவரோ என்று கூசி ஒடுங்கும் நாணமே அது. எல்லாப் பருவத்தார்க்கும் இஃது உளதேனும், கல்வி பயிலும் இளைஞரிடத்தே மிக்குத் தோன்றுகின்றது. உழைத்துண்ணும் முதியவன் தன் நிலைக்குக் காரணம் இன்னதென அறிவான். பெரும்பாலும் தன்னைப் போன்றாரோடே பழகுவான். மாணாக்கனோ தான் தேடாத வறுமையைச் சுமப்பவன். அதனைத் தன் முயற்சியால் உடனே நீக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லாதவன். ஒத்த வயதினர் நடுவே நாள்தோறும் அமர்ந்திருக்க வேண்டியவன். ஒப்புநோக்குதற்கு வகுப்பறையினும் வாய்ப்பான இடம் பிறிதில்லை.

இந்நாணம் கல்வியை எவ்வாறு தடுக்கின்றது, அதன் இயல்பு யாது, துணைபுரிய விரும்பும் கல்லூரியும் ஆசிரியரும் பழைய மாணவரும் எந்நெறியைக் கைக்கொள்ளுதல் தகும் என்பவை ஆராயற்பாலன. உதவி என்னும் நற்செயல் தானே நாணத்திற்குக் காரணமாகிவிடுதலும் உண்டாகலின், இவ்வாராய்ச்சி இன்றியமையாததாகின்றது.

நாணத்தின் மறைவேடங்கள்

வறுமையை வாய்விட்டு உரைக்கும் மாணாக்கர் மிகச் சிலரே. ஏனையோரிடத்து அது வேறு பெயர்களோடு உலாவுகின்றது. குறித்த நூலை ஏன் கொண்டுவரவில்லை என ஆசிரியர் வினவுமிடத்து, வாங்கப் பணமில்லை என்று கூறுவதினும் மறந்துவிட்டேன் என்று கூறுதல் மாணாக்கனுக்கு எளிதாயிருக்கின்றது. மறதிக்குத் தண்டனை உண்டு என்பதை அவன் அறிவான். அறிந்தும் அதனையே ஏற்றுக்கொள்கின்றான். சோம்பேறி என்ற பெயர் சில நாளில் மாறக்கூடும். ஏழை என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் நீங்காது என்பது அவனது கணிப்பு. கல்விச் சுற்றுலாவிற்குப் பணம் செலுத்தும் நாளில் வரும் வயிற்றுவலியும், விளையாட்டுப் போட்டிக்குச் சப்பாத்து வேண்டுமென்று அறிந்தபின் தோன்றும் வெறுப்பும், இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் செல்லாது நூலகத்திற்குள் புகும் திடீர் வாசிப்பார்வமும் இவ்வாறே பொருள்கொள்ளத்தக்கன. மாணவியர்க்கு இச்சுமை பின்னும் மிகுதி. உடையைப் பற்றிய கண்ணோட்டம் அவர்கள்மேற் கூர்மையாக விழுகின்றது; மாதவிடாய்க் காலத்துத் தேவைகளை வாங்க இயலாத குறையையோ எவரிடத்தும் உரைத்தல் அரிது.

இத்தகைய மறைவேடங்களால் விளையும் கேடு இருவகைப்படும். முதலாவது, மாணாக்கன் உண்மையில் ஆர்வமிருந்தும் ஆர்வமற்றவனாக எண்ணப்படுகின்றான். அவ்வெண்ணம் ஆசிரியர் உள்ளத்திற் பதிந்தபின் அவனுக்குக் கிடைக்கும் ஊக்கமும் குறைகின்றது. இரண்டாவது, மறைத்தலே ஓயாத தொழிலாகி அவன் மனத்தைக் கவர்ந்துகொள்கின்றது. இல்லாமை மனத்தின் ஆற்றலை எவ்வாறு பறிக்கும் என்பதை 2013 ஆம் ஆண்டில் சயன்ஸ் என்னும் ஆய்விதழில் வெளியான ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டிற்று. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தபோது, கையிற் பணம் இறுகியிருந்த காலத்தில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் தாழ்ந்திருந்ததாக அவ்வாய்வாளர் கண்டனர். பணக்குறையைப் பற்றிய கவலை அறிவுக்கு உரிய இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது அவர்தம் கருத்து. பணக்குறையோடு அதனை மறைக்கும் கவலையும் சேருமாயின், கணிதத்திற்கும் இலக்கணத்திற்கும் எஞ்சும் இடம் சிறிதேயாம்.

நாணம் எங்கிருந்து எழுகின்றது

நாணம் இல்லாமையின் அளவைப் பொறுத்ததன்று, பார்வையைப் பொறுத்தது. இவ்வுண்மையை முதலில் தெளிவாக எடுத்துக்கூறிய பொருளியலறிஞருள் ஒருவர் அடம் சிமித். 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் அவர் சணல்நூற் சட்டையை உதாரணமாகக் காட்டினார். முற்காலத்துக் கிரேக்கரும் உரோமரும் அத்தகைய சட்டையின்றியே இனிது வாழ்ந்தனர். ஆயின் அவர் காலத்து ஐரோப்பாவிலோ கூலியாள் ஒருவனும் அச்சட்டையின்றிப் பலர்முன் தோன்ற நாணுவான் என்றார். ஆதலின் உயிர்வாழ்க்கைக்கு வேண்டாத ஒன்றும், ஒரு சமுதாயத்தில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு வேண்டியதாகிவிடும். இக்கருத்தை அமர்த்தியா சென் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரித்துரைத்தார். பலர்முன் நாணமின்றித் தோன்றும் ஆற்றல் எங்கும் மனிதனுக்கு வேண்டியதே. அதற்குத் தேவைப்படும் பொருள்களே நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பது அவர் துணிபு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த றொபேட் வோக்கர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பிரித்தானியா, நோர்வே, சீனா, இந்தியா, பாகிஸ்தான், தென்கொரியா, உகண்டா ஆகிய ஏழு நாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சியைத் தழுவியது. செல்வநாட்டு வறியோரும் வறியநாட்டு வறியோரும் தம் வாழ்க்கைத்தரத்திற் பெரிதும் வேறுபட்டிருந்தும், நாணத்தால் ஒருதன்மையராய் வருந்துகின்றனர் என்று அந்நூல் காட்டுகின்றது.

தமிழ் மரபு இதனை மிகப் பழங்காலத்திலேயே நுணுகி ஆராய்ந்துள்ளது. திருக்குறளில் நாணுடைமை என்பது 102 ஆம் அதிகாரம். நாணத்தக்கது இழிந்த செயலே என்று அவ்வதிகாரத் தொடக்கத்திலேயே வள்ளுவர் வரையறுத்துவிடுகின்றார். ஆகவே வறுமைக்காக ஒருவன் நாணுதல் வள்ளுவர் வகுத்த நாணத்தின் பாற்படாது. இல்லாமை செயலன்று, நிலை. மூன்று அதிகாரங் கழித்து 105 ஆம் அதிகாரமாக நல்குரவு வருகின்றது. அங்கே வறியவன் நாணத்தக்கவன் என்று அவர் கூறினாரல்லர். உலகம் அவனை எவ்வாறு நடத்துகின்றது என்பதையே கூறினார். நல்ல பொருளை நன்குணர்ந்து உரைத்தாலும் வறியவன் சொல் எடுபடாது போகும் என்னும் கருத்து அவ்வதிகாரத்தில் உள்ளது. வகுப்பறையில் விடை தெரிந்திருந்தும் கையுயர்த்தாத மாணாக்கனின் நிலை இதனோடு ஒத்திருத்தல் காண்க. அதனையடுத்து இரவு, இரவச்சம் என்னும் இரு அதிகாரங்கள் ஒன்றையொன்று தொடர்கின்றன. மறைக்காது கொடுப்பாரிடம் கேட்டல் இழிவன்று என்று ஒன்றிற் கூறி, எத்தகையாரிடத்தும் கேளாதிருத்தலின் பெருமையை மற்றதிற் கூறுகின்றார். இது முரண்பாடன்று. தேவை ஒருபுறமும் மானம் மறுபுறமும் இழுக்க இடையில் நிற்கும் மனிதனின் இருபாடும் அறிந்து வைத்த வைப்புமுறையாகும்.

இலவசக் கல்வியும் அடுத்தடுத்த இருக்கைகளும்

இலங்கையில் இச்சிக்கல் கல்வி வரலாற்றோடு பிணைந்தது. 1945 ஆம் ஆண்டிற்கு முன் ஆங்கிலக் கல்லூரிகளிற் பயிலக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சுயமொழிப் பாடசாலைகளிற் கட்டணமில்லை. ஆதலின் வறியவன் பிள்ளை பெரும்பாலும் சுயமொழிப் பாடசாலையோடு நின்றுவிட்டான். அரசாங்க சபையிற் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட குழு 1943 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள வறிய பிள்ளைகள் கல்லூரிகளிற் புகுதற்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை வழிவகுத்தது.

இம்மாற்றத்தின் பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. எனினும் அதன் பக்கவிளைவு ஒன்றும் கருதத்தக்கது. முன்னர்க் கட்டணம் என்னும் மதில் வறியவனையும் செல்வனையும் வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்து வைத்தது. அம்மதில் வீழ்ந்தபின் இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். மதில் இருந்த காலத்து வறுமை வாய்ப்பைப் பறித்தது. மதில் வீழ்ந்த காலத்து அது நாணமாக உருமாறிற்று. கட்டணம் இல்லையெனினும் கல்விக்குச் செலவில்லை என்பது பொருளன்று. பஸ் கட்டணம், கொப்பி, கருவிப்பெட்டி, வசதிக் கட்டணம், தனியார் கல்வி நிலையத்து மாதப்பணம் என்று செலவுகள் தொடர்கின்றன. உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் மூன்று பாடங்களுக்கும் தனியார் வகுப்பிற்குச் செல்லாதிருத்தல் இன்று அரிதாகிவிட்டது. அங்கே செல்ல இயலாதவன் தன் வறுமையை நாள்தோறும் பாடசாலை விட்ட பின்னரும் உணர்கின்றான்.

இவ்வேற்றுமையைக் குறைக்க அரசாங்கம் மேற்கொண்ட செயல்களுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. 1980 ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூல்களும், 1993 ஆம் ஆண்டு முதல் இலவசச் சீருடைத் துணியும் வழங்கப்பட்டன. இவற்றின் சிறப்பு யாதெனில், இவை ஏழைக்கு என்று வழங்கப்படாமல் மாணாக்கர்க்கு என்று வழங்கப்பட்டமையாகும். மருத்துவர் மகனும் கூலியாள் மகளும் ஒரே நூலைப் பெற்றனர். பெற்றுக்கொண்டமையால் எவருக்கும் பெயர் வந்ததில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி அன்னதானத்தைக் கண்டோர்க்கு இந்நெறி புதியதன்று. அன்னதானக் கந்தன் என்று போற்றப்படும் அத்தலத்திற் பந்தியில் அமர்வோருள் வீட்டில் அடுப்பெரியாதவரும் உளர், பெருஞ்செல்வரும் உளர். எல்லோரும் உண்பதனால் உண்பது இழிவாகவில்லை, பிரசாதமாயிற்று. பொதுவாக வழங்கப்படுவது எவரையும் அடையாளப்படுத்துவதில்லை.

எனினும் எல்லாவற்றையும் எல்லோர்க்கும் பொதுவாக வழங்குதல் இயலாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை நன்கு உணர்த்திற்று. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 13.1 ஆக இருந்த இலங்கையின் வறியோர் விகிதம் 2022 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 25 ஆக உயர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அக்காலத்தில் வறுமையை முன் அறியாத குடும்பங்கள் பலவும் அதனுள் வீழ்ந்தன. பழக்கமான வறுமைக்கு ஒருவாறு பதில்சொல்லக் கற்றுக்கொண்ட குடும்பங்களினும், புதிதாக வீழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வாய்திறத்தல் அரிது. அவர்களைத் தேடிச் சென்று உதவுதல் வேண்டும். தேடிச் செல்லுமிடத்தே நெறி பற்றிய வினா எழுகின்றது.

உடன்பயின்றோர் இருவர் கதை

வறுமைப்பட்ட மாணாக்கன் தன் பழைய தோழனிடம் செல்லும் கதைகள் இந்து மரபில் இரண்டுள. இரண்டும் ஒரே தொடக்கம் உடையன. முடிவோ ஒன்றற்கொன்று எதிரானது.

மகாபாரதத்தில் துரோணரும் பாஞ்சால அரசகுமாரனாகிய துருபதனும் பரத்துவாச முனிவரின் ஆச்சிரமத்தில் உடன் வளர்ந்தவர். பின்னாளில் துரோணர் மனைவி மக்களோடு வறுமையுற்றார். செல்வர் வீட்டுச் சிறுவர் பால் பருகுதலைக் கண்டு அவர் மகன் அசுவத்தாமன் அழுதான். மாவைக் கரைத்த நீரை ஏனைய சிறுவர் பாலென்று கொடுக்க, அதனைப் பருகிப் பாலுண்டேன் என்று அவன் கூத்தாடினான். அச்சிறுவர் எள்ளி நகைத்தனர். அந்நகைப்பைப் பொறாத தந்தை பழைய நட்பை நம்பித் துருபதனிடம் சென்றார். அரசனுக்கும் வறியவனுக்கும் நட்பு ஏது என்று அவன் அவை நடுவே இகழ்ந்தான். அவ்விகழ்ச்சி அவரைக் குருகுலத்து அரசகுமாரர்க்கு வில்லாசிரியராக்கிற்று. அருச்சுனனைக் கொண்டு துருபதனைச் சிறைப்படுத்தி அவன் நாட்டிற் பாதியைப் பறிக்கச் செய்தது. துருபதன் வேள்வி செய்து பெற்ற திட்டத்துய்மனின் கையால் குருக்ஷேத்திரத்தில் துரோணர் மாள்வதோடு முடிந்தது. மாவு நீர் பருகிய பிள்ளையைப் பார்த்து எழுந்த நகைப்பு இத்துணைப் பெரும் பகைக்கு வித்தாயிற்று.

பாகவதத்துப் பத்தாம் கந்தத்தில் வரும் குசேலரும் கண்ணனும் சாந்தீபினி முனிவரிடம் உடன் பயின்றவர். மனைவியின் வேண்டுகோளால், அயலாரிடம் பெற்ற அவலைக் கந்தையில் முடிந்துகொண்டு குசேலர் துவாரகை சென்றார். அரண்மனையின் செல்வத்தைக் கண்டு நாணி அம்முடிப்பை மறைத்துக்கொண்டார். அப்போது கண்ணன் செய்தவை மூன்று. முதலாவதாக, வந்தவரின் வறுமையைப் பற்றி ஒருசொல்லும் வினவாமல், ஆசிரியர் மனைவிக்காக விறகு தேடிச் சென்று மழையிரவிற் காட்டில் வழிதவறிய குருகுல நாளை நினைவூட்டினான். இரண்டாவதாக, மறைத்த அவலைத் தானே பறித்துச் சுவைத்து, வெறுங்கையராக வந்தவரைக் கொடுப்பவராக்கினான். மூன்றாவதாக, குசேலர் ஒன்றும் கேளாமலும் தான் ஒன்றும் சொல்லாமலும் அவரை வழியனுப்பினான். ஊர் திரும்பிய பின்னரே தம் குடிசை மாளிகையானதை அவர் கண்டார்.

கொடை கதையின் முடிவில் வருகின்றது. அதற்கு முன்பே நாணத்தைப் போக்கியது மற்றையது: தோழனைத் தோழனாகவே பார்த்த பார்வை. துருபதன் கண்டது வறியவனை. கண்ணன் கண்டது உடன் பயின்றவனை.

பரிசிலும் உதவியும்

அவ்வாறாயின் யாரும் அறியாதவாறு பொருளை அனுப்பிவிட்டால் போதுமோ என்னும் ஐயம் எழும். இதற்குப் புறநானூற்றில் விடையுண்டு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வறுமையாற் பெரிதும் வாடியவர். மலைகளைக் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றபோது, அவன் அவரைக் காணாமலே பொருளை அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாது கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகரல்லர் என்றும், தம் தகுதி அறிந்து கொடுப்பின் தினையளவாயினும் இனிது என்றும் கூறினார். வறுமை பார்க்கப்படுதல் ஒருவகை இழிவாயின், ஆளே பார்க்கப்படாமை மற்றொருவகை இழிவு என்பதை இது தெளிவாக்குகின்றது. மாணாக்கன் காணப்படல் வேண்டும். அவன் வறுமை காட்சிப்பொருளாகலாகாது. துணைபுரியும் நெறி முழுவதும் இவ்வொரு கருத்தினுள் அடங்கும்.

இலங்கைத் தமிழில் வழங்கும் புலமைப்பரிசில் என்னும் சொல்லை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். தமிழ்நாட்டில் இதனை உதவித்தொகை என்பர். உதவித்தொகை என்னுமிடத்துப் பெறுபவனின் தேவை முன்னிற்கின்றது. புலமைப்பரிசில் என்னுமிடத்துப் பெறுபவனின் புலமை முன்னிற்கின்றது. பரிசில் என்பது சங்கப் புலவர் தம் கல்விக்கு உரிமையாகப் பெற்றது. பெயரே நாணத்தைப் போக்கும் மருந்தாகும்போது, அப்பெயருக்கு ஏற்ப நடைமுறையும் அமைதல் வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர்க்குரிய மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. திறமையும் குடும்ப வருமானமும் கருதி வழங்கப்படும் அக்கொடை 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெரும்பகுதி மாணவர் பெறுவதாலும், வங்கிக் கணக்கினூடாகச் சேர்வதாலும், மகாபொல பெறுதல் பல்கலைக்கழகங்களில் இழிவாக எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கையாலும் பெயராலும் வழங்கும் முறையாலும் நாணம் நீங்கியமைக்கு இது சான்று.

இதற்கு மாறான காட்சி ஒன்று ஊர்தோறும் நிகழ்கின்றது. மேடை அமைக்கப்படுகின்றது. வறிய மாணாக்கர் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். அப்பியாசக் கொப்பியோ துவிச்சக்கர வண்டியோ ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுகின்றது. கொடுப்போரும் பெறுவோரும் புகைப்படக் கருவியை நோக்குகின்றனர். மறுநாள் அப்படம் பத்திரிகையிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் ஊர் பெயரோடும் பாடசாலைப் பெயரோடும் வெளிவருகின்றது. கொடுத்தோர் உள்ளம் பெரும்பாலும் தூயதே. கடல்கடந்து வாழ்வோர் தாம் அனுப்பிய பணம் உரியவரைச் சேர்ந்ததா என்று அறிய விரும்புதலும் நியாயமே. ஆயினும் அக்கொப்பி இலவசமன்று. அதற்கு விலையாக அப்பிள்ளையின் முகம் பெறப்படுகின்றது. கொப்பி ஒரு தவணையில் எழுதி முடியும், படம் அழிவதில்லை. உதவி வேண்டியிருந்தும் இம்மேடைக்கு அஞ்சியே தம் பெயரைக் கொடாது விலகுவோரும் உண்டாதல் இயல்பு. அவருள் மானமிக்கோரே மிகுதியாயிருப்பர். இவ்வாறு உதவி, தான் தேடும் ஆளையே விரட்டிவிடுகின்றது.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து கல்லூரிகள் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படும்.

முதலாவது, கேட்குமுன் கொடுத்தல். இல்லை என்னும் துன்பச்சொல் வாயிலிருந்து வருமுன் ஈதல் நற்குடிப் பிறந்தார் பண்பு என்று ஈகை அதிகாரத்துக் குறள் ஒன்றிற்கு உரைகாண்போர் உளர். இதற்கு வகுப்பாசிரியரின் கண்ணே முதற்கருவி. அடிக்கடி நிகழும் மறதியைத் தண்டிக்குமுன் ஒருமுறை தனியே விசாரித்தல் வேண்டும். விசாரிக்கும்போதும் உனக்கு வறுமையா என்று வினவாமல், இந்நூல் கல்லூரியில் மேலதிகமாக உண்டு, வைத்துக்கொள் என்று கூறுதல் போதும்.

இரண்டாவது, இயன்ற அளவு பொதுவாக்குதல். பயன்படுத்திய பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் கருவிப்பெட்டிகளையும் கல்லூரி நூலகத்தில் எல்லோரும் இரவல் பெறுமாறு வைத்தால், பெறுவோர் யாவர் என்ற வினாவே எழாது. பாடசாலை நேரத்தின்பின் கல்லூரியிலேயே மேலதிக வகுப்பு நிகழுமாயின், தனியார் வகுப்பிற்குச் செல்ல இயலாமை தனித்துத் தோன்றாது. வசதிக் கட்டணத்தையும் சுற்றுலாப் பணத்தையும் செலுத்தாதவர் பெயர்களை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும்.

மூன்றாவது, அறிவோர் தொகையைச் சுருக்குதல். அதிபரும் வகுப்பாசிரியரும் நிதியைப் பொறுப்பேற்றவர் ஒருவரும் அறிந்தாற் போதும். பணம் வங்கிக் கணக்கினூடாகச் செல்லட்டும். வருமானச் சான்றுக்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்னரே நின்று பெற்ற கடிதம் ஒன்று இருக்குமாயின், அதே வறுமையை வேறொரு சபைமுன் மீண்டும் ஒப்புவிக்கச் செய்தல் வேண்டா.

நான்காவது, கணக்கை வெளியிடுக; முகத்தை வெளியிடற்க. எத்தனை மாணாக்கர்க்கு எவ்வளவு பணம் எந்நோக்கத்திற்கு வழங்கப்பட்டது, அவருள் எத்துணையர் பரீட்சையிற் சித்தியெய்தினர் என்பவற்றைக் கணக்காய்வு செய்த அறிக்கையாகப் பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடலாம். நன்கொடையாளரின் நம்பிக்கைக்குப் புகைப்படத்தினும் இஃது உறுதியான சான்று.

ஐந்தாவது, உறவை விடாதிருத்தல். பணம் சென்றபின் மாணாக்கனை மறத்தல் அதியமான் செய்ததையே செய்தலாகும். அவன் எழுதும் கட்டுரையை வாசிப்பாரும், எந்தத் துறையைத் தெரிதல் நன்று என்று கூறுவாரும், முதன்முறை கொழும்புக்கோ பேராதனைக்கோ செல்வானாயின் தங்குமிடம் காட்டுவாரும் தேவை. இவை பணத்தினும் பெரிய துணை.

இரு தடைகளும் விடைகளும்

இந்நெறிக்கு இரு தடைகள் கூறப்படலாம். வறுமையை நிரூபிக்கச் செய்யாவிடின் தகுதியற்றோர் பெறுவர் என்பது ஒன்று. ஒரு சிலர் அவ்வாறு பெறுதல் கூடும். ஆயின் தகுதியற்ற ஒருவன் பெற்றுவிடுதலால் வரும் இழப்பு சில ஆயிரம் ரூபா. தகுதியுள்ள ஒருவன் நாணத்தால் விலகிப் படிப்பை விடுதலால் வரும் இழப்பு ஒரு வாழ்க்கை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

மறைவாக உதவுதலே வறுமை மறைக்கத்தக்க குற்றம் என்னும் எண்ணத்தை உறுதிப்படுத்தாதோ என்பது மற்றொன்று. இத்தடை ஆழமானது. மறைவு நிலையான தீர்வன்று என்பது உண்மையே. வறுமை இழிவன்று என்பதை வகுப்பறையில் வெளிப்படையாகவே கற்பித்தல் வேண்டும். வறுமையிற் பயின்று உயர்ந்த பழைய மாணவர் தம் கதையைத் தாமே முன்வந்து கூறுதல் அதற்குச் சிறந்த வழி. ஆனால் அக்கதையைக் கூறுவதும் கூறாதொழிவதும் அதற்கு உரியவன் விருப்பம். ஐம்பது வயதிற் பெருமையோடு சொல்லக்கூடியதைப் பதினைந்து வயதிற் சொல்லுமாறு வற்புறுத்தல் கொடுமை. மறைவு என்பது வறுமையின்மேற் கூறிய தீர்ப்பன்று. தன் கதையைத் தானே சொல்லும் உரிமையை மாணாக்கனுக்குக் காத்துவைக்கும் காவலாகும்.

மாணாக்கரும் தம் பங்கிற்கு உணரவேண்டியது ஒன்றுண்டு. நாணுதற்குரியது பிழையான செயலே. பெற்றோர் வருவாய் குறைந்தமை பிள்ளையின் செயலன்று. கல்வியின் பொருட்டுப் பெறுவது இரத்தலுமன்று. ஒரு தலைமுறை தான் பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் முறையாகும். ஒப்புரவு என வள்ளுவர் கூறுவது, மழையைப்போலக் கைம்மாறு கருதாது செய்யும் கடமையையே. மழை பெற்ற நிலம் மேகத்திற்கு நீரைத் திருப்பிக் கொடுப்பதில்லை. விளைந்து பிறர்க்கு உணவாகின்றது. அவ்வாறே இன்று பெறும் மாணாக்கன் கொடுத்தோர்க்கு எதனையும் செலுத்தவேண்டுவதில்லை. தனக்குப்பின் அதே வாங்கில் அமரும் ஒருவனுக்கு அவன் கடமைப்பட்டவன்.

ஒரு கல்லூரியின் சிறப்பை அதன் பரீட்சைப் பெறுபேற்றாலும் விளையாட்டுக் கேடயங்களாலும் அளத்தல் வழக்கம். வறிய மாணாக்கன் ஒருவன் அங்கே எத்துணை அச்சமின்றிக் கையுயர்த்தி வினாக் கேட்கின்றான் என்பதும் ஓர் அளவுகோலாகும். அக்கை உயரும் கல்லூரியில் உதவி தன் பணியைச் செவ்வனே செய்திருக்கின்றது என்பது ஒருதலை.